இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்ட அனுமதி: எதை முதலில் செய்வது, எங்கே தவறும்

ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ க்ராய்டனிலோ வீடு வாங்கிய பல தமிழ்க் குடும்பங்கள் சில ஆண்டுகளில் பின்பக்கம் நீட்டிக் கட்ட நினைக்கின்றன. சமையலறை போதவில்லை, அல்லது மாடிப்படி ஏற முடியாத அப்பா அம்மாவுக்குக் கீழேயே ஓர் அறையும் ஷவரும் வேண்டும். பெரும்பாலும் முதலில் பில்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் "மூன்று மீட்டருக்கு பெர்மிஷன் வேண்டாம்" என்கிறார். அந்த வாக்கியம் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் தோண்டியவர்கள் வீட்டை விற்கும்போதோ கவுன்சிலிலிருந்து கடிதம் வரும்போதோ மாட்டிக்கொள்கிறார்கள்.

கீழே உள்ளவை இங்கிலாந்துக்கான விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. இந்த அளவுகளை அங்கே பயன்படுத்தாதீர்கள்.

1. உங்கள் வீட்டுக்கு அந்த உரிமை இருக்கிறதா?

விண்ணப்பம் இல்லாமலே கட்ட அனுமதிக்கும் உரிமைக்குப் பெயர் பெர்மிட்டட் டெவலப்மென்ட், எல்லோரும் பி.டி. என்பார்கள். 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணையில், இரண்டாம் அட்டவணை, முதல் பகுதி, கிளாஸ் ஏ என்ற பிரிவுதான் பின்பக்க எக்ஸ்டென்ஷனுக்கு உரியது. இது எல்லா வீட்டுக்கும் கிடையாது. அதனால் அளவுநாடாவை எடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

ஃபிளாட், மேசனெட் (தனி வாசலும் உள்ளேயே மாடிப்படியும் உள்ள ஃபிளாட்) இரண்டுக்கும் இந்த உரிமை இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் தனி வீடு போலவே இருக்கும் கட்டடம், உள்ளே மேல் கீழ் என இரண்டு ஃபிளாட்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், கீழ்வீட்டுக்காரர் தோட்டம் தனக்கே சொந்தம் என்றாலும் முழு விண்ணப்பம் போட்டாக வேண்டும். அலுவலகமாகவோ கடையாகவோ இருந்து பி.டி. வழியாகவே வீடாக மாற்றப்பட்ட கட்டடங்களுக்கும் இல்லை.

அடுத்தது, அந்த வீட்டுக்குக் கொடுத்த பழைய அனுமதிக் கடிதம். புதிய எஸ்டேட்டுகளில் நெருக்கமாக வீடு கட்ட அனுமதிக்கும்போதே "இனி பி.டி. உரிமை கிடையாது" என்று கவுன்சில் நிபந்தனை போடுவது வழக்கம். கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தேடி, எஸ்டேட்டின் மூல அனுமதியைத் திறந்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். 1980களுக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது.

பிறகு ஆர்ட்டிகிள் 4 டைரக்ஷன் (ஒரு பகுதியில் பி.டி. உரிமையை எடுத்துவிடும் உத்தரவு) இருக்கிறதா, கன்சர்வேஷன் ஏரியாவா (பழைய தோற்றத்துக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி) என்று பாருங்கள். கன்சர்வேஷன் ஏரியாவில் பின்பக்கம் ஒரு மாடிக் கட்டடம் (தரைத்தளம் மட்டும்) சாதாரண அளவில் கட்டலாம். ஆனால் பக்கவாட்டு நீட்டிப்பு, இரண்டு மாடி (தரைத்தளமும் அதன் மேல் ஒரு தளமும்), கீழே சொல்லப்போகும் பெரிய அளவு ஆகியவை அங்கே பி.டி.யில் வராது. லிஸ்டட் வீடு (வரலாற்று மதிப்புக்காகப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது) என்றால் தனியாக லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் வேண்டும். அது இல்லாமல் வேலை தொடங்குவது குற்றமே.

லீஸ்ஹோல்ட் வீடானால் ஃப்ரீஹோல்டரின் ஒப்புதலும், பத்திரத்தில் கவனன்ட் (நிலத்தில் என்ன செய்யலாம், கூடாது என்ற கட்டுப்பாடு) இருந்தால் அதற்குரிய ஒப்புதலும் தேவை. கவுன்சில் அனுமதி இவற்றுக்கு மாற்று ஆகாது.

2. மூல வீடு எது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான தவறு நடப்பது இங்கேதான். சட்டம் சொல்லும் அளவு இன்று நிற்கும் பின்சுவரிலிருந்து அல்ல. மூல வீட்டின் பின்சுவரிலிருந்துதான். மூல வீடு என்பது 1948 ஜூலை 1 அன்று இருந்த நிலை. அதற்குப் பிறகு கட்டியது என்றால் முதலில் கட்டி முடித்த நிலை.

உங்களுக்கு முன் இருந்தவர் 1985இல் இரண்டு மீட்டர் நீட்டியிருந்தால், செமி வீட்டில் (ஒரு பக்கச்சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் வீடு) மொத்த அளவே மூன்று மீட்டர் என்பதால் உங்களுக்கு மிச்சம் ஒரு மீட்டர்தான். பழையதோடு புதியதைச் சேர்த்துக் கட்டினால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. பழையது அனுமதி வாங்கிக் கட்டியதா இல்லையா என்பது இந்தக் கணக்கை மாற்றாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அதே வரிசையில் இருக்கும் ஒரே மாதிரி வீடுகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். செங்கல்லின் நிறம், மூட்டுக்கலவை, கூரை ஓடு மாறும் இடம் தெரியும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடம், கவுன்சிலின் பழைய கோப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

3. பின்சுவர் நேராக இல்லையென்றால்

விக்டோரியன் டெரஸ் வீடுகளில் (சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடுகள்) பின்பக்கம் ஒரு வால் நீண்டிருக்கும். அதன் ஓரத்தில் குறுகலான திறந்தவெளி; அதைத்தான் சைட் ரிட்டர்ன் என்கிறார்கள். இந்த வீடுகளில் கணக்கு எளிதல்ல.

பின்சுவர் படிபடியாக இருந்தால் ஒவ்வொரு படியும் தனித்தனிப் பின்சுவர். எந்தப் பகுதியிலிருந்து வெளியே கட்டுகிறீர்களோ அந்தப் பகுதியிலிருந்துதான் மூன்று மீட்டர். வாலின் நுனியிலிருந்து அளந்துவிட்டு, சைட் ரிட்டர்னையும் அந்தக் கோடு வரை மூடிவிட முடியாது.

ஓர் உதாரணம். வீட்டின் அகலம் 5 மீட்டர். வாலின் அகலம் 3, நீளம் 4. சைட் ரிட்டர்ன் 2 மீட்டர் அகலம். சைட் ரிட்டர்னை மட்டும் மூடினால், உள்ளே இருக்கும் முதன்மைப் பின்சுவரிலிருந்து 3 மீட்டர் வரைதான் நேரடியாகக் கட்டலாம். வாலின் நீளம் 4 என்பதால் ஒரு மீட்டர் திறந்தே நிற்கும். வாலின் பக்கச்சுவரைத் தாண்டிக் கட்டுவதால் பக்கவாட்டு விதியும் பொருந்தும்: அகலம் மூல வீட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே பாதி 2.5 மீட்டர், நீங்கள் கட்டுவது 2. சரி.

ஆனால் சைட் ரிட்டர்னையும் மூடி, வாலின் பின்னாலும் நீட்டி, எல் வடிவத்தில் ஒன்றாகச் சேர்த்தால் மொத்த அகலம் 5 மீட்டர். பாதி விதி உடைந்துவிடுகிறது. ராப் அரவுண்ட் என்று பில்டர்கள் விற்கும் இந்த வடிவத்துக்கு டெரஸ் வீட்டில் ஏறக்குறைய எப்போதும் முழு பிளானிங் பெர்மிஷன் தேவை. 'பி.டி.யில் முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள்.

4. பி.டி. அளவுகள்

ஒரு மாடி: மூல பின்சுவரிலிருந்து தனி வீட்டுக்கு 4 மீட்டர், செமிக்கும் டெரஸுக்கும் 3 மீட்டர். இது வெளிச்சுவரின் வெளிமுகம் வரையான அளவு. இன்சுலேஷனோடு சுவர் 30 முதல் 35 சென்டிமீட்டர் தடிமன் வரும். ஆகவே 3 மீட்டர் கட்டினால் உள்ளே கிடைப்பது 2.65 முதல் 2.7 மீட்டர். கிச்சன் யூனிட்டும் நடுமேடையும் திட்டமிடுவோர் இதை மறந்து, கடைசியில் "இருபது சென்டிமீட்டர் கூட்டிவிடலாம்" என்கிறார்கள். அந்த இருபது சென்டிமீட்டர் அந்தத் துண்டை மட்டும் விதிமீறல் ஆக்காது. எக்ஸ்டென்ஷன் முழுவதும் பி.டி.யிலிருந்து வெளியேறிவிடும்.

உயரம்: அதிகபட்சம் 4 மீட்டர். கட்டடத்தின் எந்தப் பகுதியாவது எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால், கூரை சுவரைத் தொடும் இறவாரத்தின் உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. செமி, டெரஸ் வீடுகளில் இது எப்போதும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தை இயற்கைத் தரைமட்டத்திலிருந்து அளக்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் கட்டடத்தை ஒட்டிய மிக உயர்ந்த இடத்திலிருந்து. புதிதாகப் போட்ட பேட்டியோ டெக்கிங்கோ இயற்கைத் தரை ஆகாது. தட்டைக் கூரையில் கண்ணாடி லான்டர்ன் வைத்தால் அதன் உச்சியும் 4 மீட்டருக்குள் அடங்க வேண்டும்.

நிலப்பரப்பு: மூல வீடு நிற்கும் இடத்தைக் கழித்துவிட்டு, மீதி நிலத்தில் பாதிக்குமேல் கட்டடம் வரக் கூடாது. மனை 200 சதுர மீட்டர், வீடு 60 என்றால் மீதி 140, பாதி 70. தோட்டத்தில் 15 சதுர மீட்டர் ஷெட்டும் 18 சதுர மீட்டர் கராஜும் இருந்தால் அவையும் இதில் சேரும். எக்ஸ்டென்ஷனுக்கு எஞ்சுவது 37.

இரண்டு மாடி: பின்சுவரிலிருந்து 3 மீட்டர், எதிரே உள்ள பின் எல்லையிலிருந்து குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எல்லைக்கு 2 மீட்டருக்குள் வந்தால் 3 மீட்டர் இறவார விதி இங்கேயும் உண்டு. அதனால் செமி, டெரஸ் வீடுகளில் இரண்டு மாடி பி.டி.யில் அமைவது அரிது. மாடியில் பக்கச்சுவர் ஜன்னல் வைத்தால் மங்கல் கண்ணாடி, அந்த அறையின் தரையிலிருந்து 1.7 மீட்டர் வரை திறக்காத அமைப்பு.

பால்கனி, வராந்தா, 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த மேடை எதுவும் கிளாஸ் ஏ-யில் வராது. தட்டைக் கூரையைச் சுற்றிக் கம்பி போட்டு மொட்டைமாடியாக்கும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். வெளிப்புறப் பொருள்கள் தோற்றத்தில் இருக்கும் வீட்டோடு ஒத்திருக்க வேண்டும். கன்சர்வேட்டரிக்கு மட்டும் விலக்கு.

5. 6 மீட்டர், 8 மீட்டர் வேண்டுமானால்: பிரையர் அப்ரூவல்

ஒரு மாடிக்கு செமி, டெரஸ் வீட்டில் 6 மீட்டர் வரையும், தனி வீட்டில் 8 மீட்டர் வரையும் கட்ட ஒரு வழி இருக்கிறது. தற்காலிகமாக வந்த இந்த ஏற்பாடு 2019 மே மாதம் நிரந்தரமானது. இதற்கு வேலை தொடங்குவதற்கு முன்பே கவுன்சிலுக்கு அறிவித்து, பக்கத்து வீட்டாரின் கருத்துக் கேட்பைக் கடந்தாக வேண்டும்.

அனுப்ப வேண்டியவை குறைவு: பின்சுவரிலிருந்து எவ்வளவு நீளம், அதிகபட்ச உயரம், இறவார உயரம் மூன்றையும் சொல்லும் எழுத்து விளக்கம், இடத்தையும் கட்டடத்தையும் காட்டும் வரைபடம், ஒட்டியுள்ள எல்லா வீடுகளின் முகவரி, உங்கள் தொடர்பு முகவரி. தோட்டத்தின் பின்வேலிக்கு அப்பால் உள்ள வீடும் ஒட்டிய வீடுதான். அதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பக்கத்து வீட்டாருக்கு 21 நாள் அவகாசம். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அப்ரூவல் தேவையில்லை என்று பதில் வரும். ஒருவர் ஆட்சேபித்தாலும், ஒட்டியுள்ள எல்லா வீடுகளின் வெளிச்சம், பார்வை, நெருக்கடி ஆகியவற்றைக் கவுன்சில் ஆராயும். 42 நாளுக்குள் எந்த முடிவும் உங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்றால், சமர்ப்பித்த விவரங்களின்படி தொடங்கலாம்.

பக்கத்து வீட்டாரின் கருத்துக் கேட்டுக் கவுன்சில் அனுப்பும் கடிதம் போவதற்கு முன் வரைபடத்தோடு இரண்டு பக்கத்து வீட்டுக்கும் நேரில் போய்ப் பேசுங்கள். முன்பின் சொல்லாமல் கவுன்சில் கடிதம் மட்டும் கைக்கு வந்தால், 6 மீட்டர் சுவர் என்றதுமே பெரும்பாலானவர்கள் ஆட்சேபிக்கத்தான் செய்வார்கள்.

மூன்று எச்சரிக்கைகள். தோண்டிய பிறகு பிரையர் அப்ரூவல் கேட்க முடியாது. அந்த வாசல் மூடிவிடும். உயரம், பாதி அகலம், பாதி நிலம் போன்ற மற்ற எல்லா விதிகளும் இங்கேயும் அப்படியே பொருந்தும். கட்டி முடித்ததும் முடித்த தேதியைக் கவுன்சிலுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை.

6. பி.டி. என்றாலும் சான்றிதழ் வாங்குங்கள்

லாஃபுல் டெவலப்மென்ட் சர்ட்டிபிகேட், அதாவது எல்.டி.சி., சட்டப்படி கட்டாயம் அல்ல. இருந்தும் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளை வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் முதலில் கேட்பது இதைத்தான். கடன் கொடுக்கும் வங்கியும் கேட்கும். தோண்டும் முன் கிடைக்கும் எல்.டி.சி., உங்கள் அளவு சரிதானா என்பதற்கு மலிவான சோதனையும்கூட: தவறு காகிதத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

பிரையர் அப்ரூவல் கடிதம் எல்.டி.சி. ஆகாது. அது பக்கத்து வீட்டாரின் பாதிப்பைப் பற்றிய முடிவு மட்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

2025–26 நிதியாண்டில் கட்டணங்கள்: வீட்டு விரிவாக்க முழு விண்ணப்பம் 528 பவுண்ட், எல்.டி.சி. அதில் பாதி 264, பிரையர் அப்ரூவல் 240. இணையவழி அனுப்பினால் பிளானிங் போர்ட்டலின் சேவைக் கட்டணம் தனி. ஏப்ரல்தோறும் கட்டணம் திருத்தப்படும். அனுப்பும் நாளில் உள்ளதைப் பாருங்கள்.

7. முழு விண்ணப்பம்: எதைத் தயார் செய்ய வேண்டும்

எல்.டி.சி.க்கும் இதற்கும் வரைபடங்கள் ஏறக்குறைய ஒன்றே.

லொகேஷன் பிளான், 1:1250 அளவில், வடக்குக் குறியோடு, உங்கள் மனையைச் சிவப்புக் கோட்டால் சூழ்ந்தது. உரிமம் பெற்ற ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடமாக இருக்க வேண்டும். கூகுள் மேப்பை அச்சிட்டு அனுப்பினால் திரும்பி வரும். பிளாக் பிளான், அதாவது மனைக்குள் கட்டடம் நிற்கும் இடத்தைக் காட்டும் படம், 1:500 அல்லது 1:200. தரைப்படமும் முகப்புப்படங்களும் 1:50 அல்லது 1:100 அளவில், இப்போதுள்ளதும் கட்டப்போவதும் தனித்தனியாக. படத்தில் பக்கத்து வீட்டின் பின்சுவரையும் ஜன்னல்களையும் வரைந்து காட்டுங்கள். அதிகாரி முதலில் தேடுவது அதைத்தான். இல்லாவிட்டால் கூடுதல் விவரம் கேட்டுக் காலம் போகும்.

உரிமைச் சான்றில் ஏ, பி என்று இருக்கிறது. எல்லாம் உங்கள் நிலத்துக்குள் என்றால் ஏ. அஸ்திவாரமோ கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயோ ஓர் அங்குலம் பக்கத்து நிலத்தில் நீட்டினாலும் பி. அவருக்கு முறையான அறிவிப்பும் கொடுக்க வேண்டும். தவறான சான்றோடு கிடைத்த அனுமதியை எதிர்த்து வழக்குப் போட இடம் உண்டு. சுவரைச் சற்று உள்ளே தள்ளி வரைவது இந்தத் தலைவலியை முழுவதும் தவிர்க்கும்.

அதிகாரி பார்க்கும் முக்கியச் சோதனை 45 பாகை விதி. பக்கத்து வீட்டின் அருகிலுள்ள ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் கோடு போட்டால் உங்கள் கட்டடம் அதை வெட்டக் கூடாது. எந்தப் புள்ளியிலிருந்து, எந்த அறை ஜன்னலுக்கு என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். உங்கள் கவுன்சிலின் வீட்டு வடிவமைப்பு வழிகாட்டியைப் படித்துவிட்டு, அந்தக் கோட்டை நீங்களே படத்தில் போட்டுக் காட்டுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து எட்டு வாரம். அனுப்பிய நாளிலிருந்து அல்ல. இடையில் ஒரு படம் குறைந்தால் கடிகாரமே ஓடத் தொடங்காது. மறுத்தால் 12 வாரத்துக்குள், இவற்றை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் மறுப்புக் காரணம் நீளம் மட்டும் என்றால், குறைத்து மறுபடி அனுப்புவதே வேகமான வழி. ஒரு காலத்தில் இரண்டாம் முறை இலவசமாக அனுப்ப முடிந்தது. 2023 டிசம்பரில் அது நீக்கப்பட்டுவிட்டது.

கிடைத்த அனுமதி பொதுவாக மூன்று ஆண்டு செல்லும். அதற்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நிபந்தனைகளில் "தொடங்கும் முன்" என்று ஏதாவது இருந்தால் அதை முடித்த பிறகே மண்ணைத் தொடுங்கள்.

8. பிளானிங் முடிந்தாலும் முடியாதவை

பார்ட்டி வால் (பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவர்) சட்டம், 1996: எல்லைக்கோட்டில் புதுச் சுவர் எழுப்பினாலோ, பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அவர்களுடைய அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினாலோ ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். பொதுச்சுவரையே வெட்டினால் இரண்டு மாதம். 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே கருதப்பட்டு சர்வேயர்கள் வருவார்கள். அந்தச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. பிளானிங் முடிவுக்குக் காத்திருக்கும் வாரங்களிலேயே இந்த அறிவிப்பைக் கொடுத்துவிட்டால் இரண்டு காத்திருப்பும் ஒன்றாக ஓடும்.

கழிவுநீர்க் குழாய்: தோட்டத்தில் மேன்ஹோல் இருந்தால் திறந்து, எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். 2011 அக்டோபர் 1 முதல், பல வீடுகள் சேர்ந்து பயன்படுத்தும் குழாய்கள் தண்ணீர் நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் மேலோ 3 மீட்டருக்குள்ளோ கட்ட அந்த நிறுவனத்தின் பில்ட் ஓவர் ஒப்புதல் வேண்டும். லண்டனின் பெரும்பகுதியில் அது தேம்ஸ் வாட்டர்.

பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டுமானத் தரத்துக்கும் பாதுகாப்புக்குமான விதிகள்) ஒப்புதல்: பி.டி.யோ முழு அனுமதியோ, இது எப்போதும் தேவை. ஃபுல் பிளான்ஸ் வழியில் படங்களை முன்பே சரிபார்த்துவிடுவார்கள். பில்டிங் நோட்டிஸ் வழியில் தவறு சுவர் எழுந்த பிறகுதான் தெரியும். முதல் முறை கட்டுபவர் ஃபுல் பிளான்ஸே எடுங்கள். லண்டன் களிமண்ணில் அஸ்திவாரம் ஒரு மீட்டருக்குக் குறையாது. பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் ஆழம். பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போடுவோர் கவனிக்க: கண்ணாடிப் பரப்பு புதுத் தரைப்பரப்பில் கால்பங்கையும், எக்ஸ்டென்ஷன் மூடிவிட்ட பழைய ஜன்னல் கதவுகளின் பரப்பையும் சேர்த்த அளவைத் தாண்டினால், வெப்ப இழப்பை ஈடுசெய்யும் கணக்கு கேட்பார்கள்.

9. ஏற்கெனவே கட்டிவிட்டால்

2024 ஏப்ரல் 25க்கு முன் பெரும்பாலும் கட்டி முடித்த எக்ஸ்டென்ஷனுக்கு நான்கு ஆண்டு கடந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது. அந்தத் தேதிக்குப் பிறகு முடித்தவற்றுக்குப் பத்து ஆண்டு. மறைத்து வைத்துக் காலத்தைக் கடத்தியவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு உறுதி இல்லை.

காலம் கடந்திருந்தால் கட்டணச் சீட்டுகள், தேதியோடு கூடிய படங்கள், பில்டிங் கண்ட்ரோல் பதிவுகளைச் சேர்த்து எல்.டி.சி. கேளுங்கள். கடக்கவில்லை என்றால் கட்டிய பிறகும் முழு விண்ணப்பம் போடலாம். அது மறுக்கப்பட்டால் அளவைக் குறைக்கவோ இடிக்கவோ உத்தரவு வரலாம்.

இந்த நிலையில் கவுன்சிலுக்குப் போகும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள்: விற்கும்போது இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் (அனுமதி இல்லாத குறையால் வரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு) எடுத்துச் சமாளிக்க நினைப்பவர்கள், கவுன்சிலிடம் அதே விஷயத்தைப் பேசியிருந்தால் பெரும்பாலும் அந்தக் காப்பீடு கிடைக்காது. எந்த வழி என்று சொலிசிட்டரிடம் முடிவு செய்துகொண்ட பிறகே தொலைபேசியை எடுங்கள்.